நிறுத்து என்றால் ஏன் நிற்பதில்லை?

கணினி அறைக்குப் பொறுப்பாக இருக்கும் எங்களிடம் பெற்றோர் அடிக்கடி கேட்பது: "டீச்சர், புள்ளைகள் அந்தக் கறுப்புத் திரையில என்னதான் அடிக்கிறாங்க?" பிள்ளைகள் அடிக்கடி கேட்பது வேறு: "டீச்சர், கொன்ட்ரோல் சீ அடிச்சும் இது நிக்குதில்லையே?"

இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதிவாக எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். உயர்தரத்தில் ஐ.சி.ரி. படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் ஏன் எழுதுகிறோம் என்று சொல்லிவிடுகிறோம். செய்நிரல் நிற்காவிட்டால் எங்கள் பிள்ளைகள் கை வைப்பது சுவரில் இருக்கும் பிளக்கில். வீட்டிலும் இதே கதைதான் என்று பெற்றோர் சொல்கிறார்கள். மடிக்கணினியின் பவர் பட்டனை அது அணையும்வரை அமுக்கிப் பிடிக்கிறார்கள். கணினி எதையாவது தட்டில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின் போனால், எழுதிய கோப்பு பாதியில் நிற்கும். சில நேரம் அந்தக் கோப்போடு முடியாது, அடுத்த நாள் கணினி ஆரம்பிக்கவே மறுக்கும். எங்கள் அறையில் இருக்கும் கணினிகள் பழைய மாணவர்களும் ஊர் மக்களும் தந்தவை. ஒன்று போனால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் இந்த விடயம் ஊருக்கும் தெரிய வேண்டும் என்று நினைக்கிறோம்.

சரி, அந்தக் கறுப்புத் திரை என்ன? படங்களைச் சொடுக்கி வேலை வாங்குவதற்குப் பதிலாக, கட்டளையை எழுத்தில் அடித்து வேலை வாங்கும் இடம் அது. பைதன் மொழியில் செய்நிரல் எழுதும் பிள்ளைகள் அதை அங்கேதான் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். ஓடும் செய்நிரல் ஒன்றை இடையில் நிறுத்த கொன்ட்ரோல் சாவியையும் சீ எழுத்தையும் சேர்த்து அமுக்க வேண்டும் என்பது முதல் வாரமே சொல்லிக் கொடுக்கும் பாடம்.

இந்தச் சாவிச் சேர்க்கைக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. கொன்ட்ரோலோடு ஓர் ஆங்கில எழுத்தை அமுக்கினால் அந்த எழுத்தின் வரிசை எண் கணினிக்குப் போகும். சீ மூன்றாவது எழுத்து, ஆகவே போவது 3. ஆஸ்கி குறியீட்டு அட்டவணையில் 3 என்பதற்கு 'உரை முடிந்தது' என்று பொருள். 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த யுனிக்ஸ் ஆரம்ப காலத்தில் இந்த வேலைக்கு அழிக்கும் சாவியைத்தான் பயன்படுத்தியது. கொன்ட்ரோல் சீ என்பது டெக் நிறுவனத்தின் கணினிகளில் இருந்த பழக்கம், பிறகு எல்லா இடத்துக்கும் பரவியது.

இங்கேதான் பிள்ளைகள் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். சாவியை அமுக்கியதும் செய்நிரலின் கழுத்தில் கத்தி விழுகிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் நடப்பது வேறு. லினக்ஸில் அந்த 3 முதலில் பணிசெயல் முறைமையிடம் போகிறது. முறைமை அதைப் பார்த்து, அந்தத் திரையில் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரலுக்கு ஒரு சைகையை அனுப்புகிறது. அந்தச் சைகையின் இலக்கம் 2. செய்நிரல் எதுவும் சொல்லி வைக்காவிட்டால், சைகை வந்ததும் அது முடிந்துவிடும். ஆனால் 'இந்தச் சைகை வந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்று நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லி வைக்கும் உரிமை செய்நிரலுக்கு இருக்கிறது. அல்லது 'எனக்கு அது வேண்டாம்' என்று ஒதுக்கிவிடவும் முடியும்.

கேற்றில் நின்று கூப்பிடுவது போலத்தான். நாம் கூப்பிட்டோம் என்பதற்காக வீட்டுக்காரர் வெளியே வந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. ஆள் வேறு வீட்டில் இருக்கலாம். கேட்டும் "வாறேன், வாறேன்" என்று உள்ளேயே இருக்கலாம். வரவே முடியாத வேலையில் இருக்கலாம். கதவை உடைப்பதற்கு முன் இந்த மூன்றில் எது என்று பார்ப்பதுதான் எங்கள் பாடம்.

கடந்த தவணை நடந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும்.

எங்கள் உயர்தர மாணவிகள் மூவர் பாடசாலை நூலகத்துக்கு ஒரு நூற்பட்டியல் செய்நிரல் எழுதினார்கள். புத்தகத்தின் பெயர், ஆசிரியர், எத்தனை பிரதி என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். கடைசியில் மெனுவில் 'சேமி' என்று கொடுத்தால் எல்லாவற்றையும் கோப்பில் எழுதும். பகல் இடைவேளையிலும் பாடசாலை விட்ட பிறகும் மாறி மாறி இருந்து அலுமாரி அலுமாரியாக அடித்தார்கள். பின்னேரம் ஆகும்போது ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு புத்தகத்துக்கு 45 பிரதி. 45 என்று அடித்தால் 'இலக்கத்தில் தருக' என்கிறது. மறுபடி 45. மறுபடி 'இலக்கத்தில் தருக'. கொன்ட்ரோல் சீ அடித்தார்கள். அதற்கும் 'இலக்கத்தில் தருக'!

அதுவரை அடித்த எதுவும் சேமிக்கப்படவில்லை. எல்லாம் கணினியின் நினைவகத்தில் மட்டும் இருந்தது. ஒரு பிள்ளை பிளக்கைப் பிடுங்கக் குனிந்துவிட்டார். மற்றவர் கையைப் பிடித்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார்.

பிள்ளை செய்தது பிழை என்று சொல்லுமுன், பிள்ளை என்ன கண்டது என்று கேள் என்பது கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்த பழக்கம். கேட்டோம். "கொன்ட்ரோல் சீ அடிச்சப்ப ஒண்டுமே நடக்கலியா, இல்ல ஏதும் நடந்திச்சா மகள்?"

"அதே வசனம் திரும்ப வந்திச்சு டீச்சர்."

விடை அந்தப் பதிலில்தான் இருந்தது. அதே வசனம் திரும்ப வந்தது என்றால், கூப்பிட்டது உள்ளே கேட்டிருக்கிறது. செய்நிரல் உயிரோடு இருக்கிறது, சைகை அதன் கைக்குப் போயிருக்கிறது, அது விழுங்கிவிட்டது.

எப்படி விழுங்கியது? பைதனில் கொன்ட்ரோல் சீ வந்தால் அது 'கீபோர்ட் இன்டரப்ட்' என்ற பெயரில் ஒரு வழுவாக எழும். வழு வந்தால் என்ன செய்வது என்று எழுத 'ட்ரை', 'எக்ஸெப்ட்' என்று இரண்டு சொற்கள் உண்டு. பிள்ளைகள் எக்ஸெப்ட் என்று மட்டும் எழுதி, எந்த வழு என்று பெயர் சொல்லாமல் விட்டிருந்தார்கள். அப்படி எழுதினால் எந்த வழு வந்தாலும் பிடிக்கும். எழுத்தை அடித்தாலும் 'இலக்கத்தில் தருக'. கொன்ட்ரோல் சீ அடித்தாலும் 'இலக்கத்தில் தருக'. செய்நிரலுக்குள்ளேயே வேறொரு பிழை இருந்தாலும் 'இலக்கத்தில் தருக'.

அந்த வேறொரு பிழையும் இருந்தது. பிரதிகள் 20க்கு மேல் இருந்தால் 'மேலதிகப் பிரதிகள்' என்று காட்ட ஒரு வரி எழுதியிருந்தார்கள். அதில் ஒரு மாறியின் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தது. அதுவரை 20க்கு மேல் பிரதி உள்ள புத்தகம் எதுவும் வராததால் அந்த வரி ஓடவே இல்லை. 45 வந்ததும் ஓடியது, வழு எழுந்தது, எக்ஸெப்ட் அதைப் பிடித்து, குற்றத்தை அந்தப் பிள்ளையின் 45 மீது போட்டது.

இப்போது என்ன செய்வது? லினக்ஸில் கொன்ட்ரோலோடு பின்சாய்கோட்டுச் சாவியை அமுக்கினால் இன்னும் கடுமையான சைகை ஒன்று போகும். அதை பைதன் பிடிக்காது, செய்நிரல் உடனே முடியும். ஆனால் பட்டியலும் அதோடு போய்விடும். பிளக்கைப் பிடுங்கினாலும் அதே கதி. நிறுத்துவது சுலபம், பட்டியலைக் காப்பாற்றிக்கொண்டு நிறுத்துவதுதான் கஷ்டம்.

பிள்ளைகளிடம் செய்நிரலின் அச்சுப் பிரதி இருந்தது. விரல் வைத்து வரி வரியாக வாசிக்கச் சொன்னோம். 45ஐப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைதான் கண்டுபிடித்தார்: "டீச்சர், இருபதுக்குக் கீழ குடுத்தா அந்த வரிக்குப் போகாதே!" 1 என்று அடித்தார். மெனு வந்தது. 'சேமி' கொடுத்தார். கோப்பு எழுதப்பட்டது. பிறகு அந்தப் புத்தகத்தின் 1ஐ கோப்பில் 45 ஆகத் திருத்தினார்கள். அன்று பின்னேரம் அந்த அறையில் கேட்ட சத்தத்துக்கு பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

மறுநாள் மூவரும் இரண்டு திருத்தம் செய்தார்கள். எக்ஸெப்ட் என்பதற்குப் பக்கத்தில் 'வெல்யூ எரர்' என்று, இலக்கம் அல்லாததை அடித்தால் வரும் வழுவின் பெயரை மட்டும் எழுதினார்கள். இனி கொன்ட்ரோல் சீ அடித்தால் நிற்கும், எழுத்துப் பிசகினால் உண்மையான வழுவையும் காட்டும். இரண்டாவது, ஒவ்வொரு புத்தகம் முடிந்ததும் அதைக் கோப்பில் எழுதிவிடுவது. கரண்ட் போனாலும் ஒரு புத்தகம்தான் போகும்.

எக்ஸெப்டுக்கு அருகில் 'எக்ஸெப்ஷன்' என்று பொதுவாகப் போட்டாலும் கொன்ட்ரோல் சீ தப்பிவிடும். பைதன் 2.5 பதிப்பிலிருந்து கீபோர்ட் இன்டரப்டை அந்தக் குடும்பத்துக்கு வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் பட்ட இந்தக் கஷ்டம் உலகம் முழுக்க இருந்தது என்பதற்கு இதுவே சாட்சி.

இது 'கேட்டும் வராத' வகை. மற்ற வகைகளையும் சொல்லிவிடுகிறோம்.

ஆள் வேறு வீட்டில் இருக்கும் வகை. கட்டளையின் முடிவில் & குறி போட்டு ஓடவிட்டால் செய்நிரல் பின்னணிக்குப் போய்விடும். எழுத்துகள் திரையில் வந்துகொண்டிருக்கும், ஆனால் கொன்ட்ரோல் சீ அதற்குப் போகாது, அது முன்னால் இருப்பவருக்கு மட்டும்தான். 'ஜொப்ஸ்' என்ற கட்டளை பின்னணியில் யார் இருக்கிறார்கள் என்று காட்டும். 'எஃப்ஜீ' என்று அடித்தால் ஆள் முன்னுக்கு வருவார். பிறகு கொன்ட்ரோல் சீ வேலை செய்யும்.

சாவிக்கு வேறு அர்த்தம் கொடுத்த வகை. விம், நேனோ போன்ற எழுதிகளுக்குள் இருக்கும்போது கொன்ட்ரோல் சீ வெளியேறும் சாவி கிடையாது. நேனோவில் கொன்ட்ரோல் எக்ஸ். கையேட்டுப் பக்கங்களைப் பார்க்கும்போது கியூ எழுத்து மட்டும் போதும். விம்மில் கொன்ட்ரோல் சீ அடித்தால் எப்படி வெளியேறுவது என்று அதுவே கீழே எழுதிக் காட்டும். வாசித்தால் போதும், பிள்ளைகள் வாசிப்பதில்லை. பைதனின் மூன்று அம்புக்குறி நிற்கும் திரையிலும் கொன்ட்ரோல் சீ அந்த வரியை மட்டும்தான் கைவிடும். லினக்ஸில் வெளியே வர கொன்ட்ரோல் டீ.

விண்டோஸில் ஒரு விசேஷம். கறுப்புத் திரையில் தெரியாமல் மவுஸால் சொடுக்கிவிட்டால், எழுத்தைத் தெரிவு செய்யும் நிலைக்குப் போய், ஓடும் செய்நிரல் உறைந்தது போல நிற்கும். அப்போது கொன்ட்ரோல் சீ அடித்தால் அது தெரிவு செய்ததைப் பிரதி எடுக்கும். திரும்ப அடித்தால்தான் நிறுத்தும் சைகை போகும். லினக்ஸில் இதற்கு ஒப்பானது கொன்ட்ரோல் எஸ். சேமிக்கிறோம் என்று பழக்க தோசத்தில் அடிப்பார்கள், திரை அப்படியே நிற்கும். கொன்ட்ரோல் கியூ அடித்தால் மீண்டும் ஓடும். செய்நிரலில் எந்தக் குறையும் இல்லை.

ஒருவரை நிறுத்தினால் அடுத்தவர் வரும் வகை. அறையிலுள்ள கணினிகள் வலையமைப்பில் இருக்கின்றனவா என்று பார்க்க, ஒவ்வொன்றுக்கும் 'பிங்' அனுப்பும் சிறு கட்டளைக் கோப்பு ஒன்றை மாணவர் ஒருவர் எழுதினார். கொன்ட்ரோல் சீ அடிக்கும் ஒவ்வொரு முறையும் அது நிற்காமல் அடுத்த கணினிக்குத் தாவியது. காரணம், பிங் அந்தச் சைகையைத் தானே வாங்கி, கணக்குச் சுருக்கத்தைக் காட்டிவிட்டு ஒழுங்காக வெளியேறும். அதை ஓடவிட்ட பாஷ், 'இவர் தன் வேலையை முடித்துவிட்டார்' என்று எடுத்துக்கொண்டு அடுத்ததைத் தொடங்கும். இதற்கு லினக்ஸில் கொன்ட்ரோல் இசட் அடித்து முழுவதையும் இடைநிறுத்தி, பிறகு 'கில் %1' என்று கொடுத்தால் முடிந்தது. கோப்பின் தலைப்பில் 'ட்ராப்' கட்டளையால் சைகை வந்தால் வெளியேறு என்று எழுதி வைத்தால் அடுத்த முறை கொன்ட்ரோல் சீயே போதும்.

கடைசி வகை, வர முடியாத வேலையில் இருப்பவர். பழுதான பென் டிரைவ் ஒன்றுக்குக் கோப்பைப் பிரதி எடுக்கும்போது இது நடக்கும். செய்நிரல் தட்டின் பதிலுக்காகக் காத்து நிற்கிறது. அந்தக் காத்திருப்பை இடையில் முறிக்க முறைமை விடுவதில்லை. செய்நிரல்களின் பட்டியலில் அதன் நிலை டீ என்ற எழுத்தாகத் தெரியும். யாராலும் தடுக்க முடியாத 9ஆம் இலக்கச் சைகைகூட அந்தக் காத்திருப்பு முடியும்வரை வாசலில்தான் நிற்கும். அந்த நேரம் கணினியின் பிளக்கை விட்டுவிட்டு பென் டிரைவை மட்டும் கழற்றினால் பெரும்பாலும் விடுபடும். உயர்தரப் பாடத்தில் பணிசெயல் முறைமை அலகில் தயார், ஓடுதல், தடுக்கப்பட்டது என்று வட்டம் வட்டமாகப் படம் வரைகிறார்களே, அந்தத் 'தடுக்கப்பட்டது' என்ற வட்டம் இதுதான். பரீட்சைக்குப் பாடமாக்கிய படத்தைக் கண்ணால் காணும் சந்தர்ப்பம் அது.

ஆகவே கணினி அறைச் சுவரில் இந்த ஒழுங்கை ஒட்டியிருக்கிறோம். வீட்டிலும் ஒட்டிக்கொள்ளலாம்.

1. கொன்ட்ரோல் சீ ஒரு தடவை அடித்து, சில வினாடி பொறு. திரையில் என்ன மாறியது என்று பார்.

2. பதில் ஏதும் வந்தால் அதை வாசி. செய்நிரல் கேட்பதைக் கொடுத்து வெளியே வர முடியுமா, சேமிக்க முடியுமா என்று பார்.

3. பதிலே இல்லாவிட்டால் கொன்ட்ரோல் கியூ. பின்னணியில் ஓடுகிறதா என்று பார்.

4. லினக்ஸில் கொன்ட்ரோல் இசட் அடித்து இடைநிறுத்து. பிறகு வெறும் 'கில்' கட்டளை. அது 15ஆம் இலக்கச் சைகையை அனுப்பும். ஒழுங்காக மூடிக்கொண்டு போக அவகாசம் தரும். விண்டோஸில் கொன்ட்ரோலோடு பிரேக் சாவி, பிறகு டாஸ்க் மெனேஜர்.

5. அதற்கும் அசையாவிட்டால் 9ஆம் இலக்கச் சைகை. அது சேமிக்க அவகாசம் தராது என்பதைத் தெரிந்துகொண்டு கொடு.

6. பிளக்கைத் தொடுவதற்கு முன் டீச்சரைக் கூப்பிடு.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை கறுப்புத் திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், "பழுதாக்கிப் போட்டியா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பிள்ளை அவசரமாக பவர் பட்டனைத் தேடுகிறது. "என்ன எழுதியிருக்கு, வாசி பாப்பம்" என்று கேளுங்கள். உங்களுக்குக் கணினி தெரிய வேண்டியதில்லை. சத்தமாக வாசிக்கும்போதே பாதிப் பிள்ளைகளுக்கு விடை வந்துவிடுகிறது, வகுப்பில் நாங்கள் காண்பது அதைத்தான்.

நூலகப் பட்டியல் இப்போது பாவனையில் இருக்கிறது. இன்னும் இரண்டு அலுமாரி மிச்சம். தட்டச்சு செய்ய விருப்பமுள்ள பிள்ளைகள் வியாழக்கிழமை பாடசாலை விட்டதும் கணினி அறைக்கு வரலாம்.